அக்காவுக்கு மேடையில் கொடுத்த புடவை

அம்பத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷனில் பல வருடம் நின்றவள் நான். வேலை பார்த்தவள் என்பதைவிட நின்றவள் என்பதுதான் சரி. விற்கிற பெண்கள் உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்தது, ஸ்டூலும் வந்தது. அதில் முதலில் உட்கார்ந்தவளை மேனேஜர் ஒரு பார்வை பார்த்தார். மறுநாளிலிருந்து அந்த ஸ்டூலில் ஜாக்கெட் பிட் அட்டைப்பெட்டிதான் உட்கார்ந்தது. அப்படிப்பட்ட கடை புயலுக்குத் தர்மம் செய்யக் கிளம்பிய கதை இது.

புயல் தெற்கே கடலோரத்தில் கரையேறியது. டிவியில் நாள் முழுக்க அதுதான். சாய்ந்த தென்னை, கூரை பறந்த வீடு, மார்பில் அடித்துக்கொண்டு அழுகிற பெண்கள். அதே மழை எங்கள் பக்கமும் கொட்டித் தீர்த்தது. வேப்பம்பட்டில் ஏரியை ஒட்டிப் போட்ட மனைகளில் இடுப்பளவு தண்ணீர். அதை ஒரு டிவிக்காரனும் எட்டிப் பார்க்கவில்லை. ரயில் ஓட ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஊர்களெல்லாம் சௌக்கியமாக இருக்கின்றன என்று அர்த்தம்.

எங்கள் முதலாளிக்கு மனம் உருகிவிட்டது. தீபாவளி முடிந்து கடையில் நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மாதம் அது. அந்த மாதத்தில் அவருக்கு மனம் கொஞ்சம் சுலபமாகவே உருகும். கடை வாசலில் பேனர் ஏறியது. முன்னால் கைகூப்பிய முதலாளி, பின்னால் வெள்ளம். ஒரு பழைய புடவை கொண்டுவந்து கொடுத்தால் புதுப் புடவைக்குத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்று. பழையது புயலில் தவிக்கிற சகோதரிகளுக்கு, புதியது உங்களுக்கு என்று எழுதியிருந்தது. புடவை எந்த லட்சணத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை.

சனங்கள் சும்மா இருப்பார்களா? அம்பத்தூர், பாடி, கொரட்டூர் என்று எல்லா வீட்டுப் பரணும் காலியாகிவிட்டது. அக்குள் கிழிந்த ஜாக்கெட், நாடா இல்லாத பாவாடை, ஜன்னல் கர்ட்டன், கட்சிக் கரை போட்ட வேட்டி, அடுப்படித் துணி. ஒரு அம்மணி ஒரே புடவையை நடுவே கிழித்து இரண்டாக்கி, இரண்டு கூப்பன் கேட்டு நின்றாள். கவுண்டரில் இருந்த பெண் கொடுத்தும்விட்டாள், வேறென்ன செய்வாள், பேனரில்தான் ஒன்றும் எழுதவில்லையே. கூப்பன் வாங்கியவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு கருணை.

வந்த துணியையெல்லாம் மூன்றாவது மாடி குடோனில் கொட்டிவிட்டு, பிரித்து மூட்டை கட்ட என்னையும் அக்காவையும் போட்டார்கள். அக்கா என் கூடப்பிறந்தவள் இல்லை. அவள் வேப்பம்பட்டில் ஏறி, நெமிலிச்சேரியில் ஏறும் எனக்காக லேடீஸ் பெட்டியில் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடித்து வைப்பாள். அப்படிப் பல வருட உறவு. கணவன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. ஒரே மகள், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். சீட்டுக் கட்டி, நகையை விற்று, ஏரியோரத்தில் ஒரு மனை வாங்கி, அதில் ஒரு ஹால், ஒரு ரூம் என்று கட்டியிருந்தாள். அந்த வீட்டுக்குள்தான் இடுப்பளவு தண்ணீர். பீரோ மல்லாந்து கிடக்க, உள்ளே இருந்த துணியெல்லாம் சாக்கடைத் தண்ணீரில் ஊறிப்போயிற்று. பிளீச்சிங் பவுடர் போட்டுத் துவைத்தாள். நாற்றம் போகவில்லை, சாயம்தான் போனது. அம்மாவும் பெண்ணும் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குக் கட்டிக்கொள்ள உருப்படியாக இருந்தது கடையின் யூனிஃபார்ம் புடவை ஒன்றுதான். அதை ராத்திரி அலசிப் போட்டுக் காலையில் ஈரத்தோடு கட்டி வருவாள். கிழிந்த துணியையெல்லாம் உதறிக்கொண்டே அவள் என்னிடம் சொன்னது வேறு கவலை.

"ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்கடி."

எனக்குப் பகீரென்றது. "இந்த நெலமையிலயா? அவங்கள எங்க உக்கார வப்பக்கா?"

"ஊட்டுக்கு வரலடி. மாங்காட்டம்மன் கோயில்ல வச்சுக்கலாம்னுட்டேன். பொண்ணுக்கு வேண்டுதல் கீதுன்னு சொல்ட்டேன். ஊடு முழுகிப்போச்சுன்னு தெரிஞ்சா, ஏரிக்குள்ள கட்டுன ஊடாம்னு போயிடுவாங்க. சொந்த ஊடுன்னு சொல்லித்தான் இவ்ளோ தூரம் வந்துகீது."

மாப்பிள்ளை வீடு பூந்தமல்லி பக்கம். பையன் சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறான், குடிக்க மாட்டானாம். பெண்ணுக்கு அதற்குமுன் இரண்டு மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இந்தப் பையனின் போட்டோவை மட்டும் அவள் வாங்கித் தன் போனில் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தெரியாது என்று அவள் நினைப்பு. மாப்பிள்ளையின் அம்மா போனில் அக்காவை வாய் நிறைய "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். பிடித்துவிட்டால் கோயிலிலேயே பூ வைத்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறாள். எல்லாம் சரி, பெண் கட்டிக்கொண்டு நிற்க ஒரு புடவை இல்லை.

"எங்கிட்ட ஒரு பட்டு கீதுக்கா. எடுத்தாரேன், கட்டி வுடு."

அக்காவுக்கு வந்ததே கோபம். "எரவல் பொடவையா? மூச்! எங்கம்மா என்ன எரவல் பொடவதான் கட்டி நிக்க வச்சுச்சு. கண்ணாலத்துக்கு அப்பால அது எங்க மாமியாருக்குத் தெரிஞ்சுபோச்சு. அது சாவற வரிக்கும் என்ன பேரு சொல்லிக் கூப்டலடி. எரவக்காரின்னுதான் கூப்டும், வந்தவங்க போனவங்க முன்னால. எம்பொண்ணு கட்றது கந்தலா இருந்தாலும் அவளுதா இருக்கணும்."

அக்கா பிடித்தால் பிடித்ததுதான். கடையில் கடன் சொல்லவும் வழியில்லை. வீட்டுக்குப் போர்வெல் போட்டபோதே அட்வான்ஸ் வாங்கிவிட்டாள். நான் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, உன் நிலைமை எனக்குத் தெரியாதா என்று வாயை அடைத்துவிட்டாள். மாதக்கடைசியில் என் நிலைமை அந்த ரயில் பெட்டிக்கே தெரியும்.

அன்று மத்தியானம் ஒரு கார்க்கார அம்மா கொடுத்துவிட்ட பை மாடிக்கு வந்தது. உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சில்க் காட்டன். ஃபால்ஸ் தைத்தது, மடிப்புக் கலையாதது. கட்டின அடையாளமே இல்லை. அந்தக் குப்பைமேட்டில் அது மட்டும் தனியாகத் தெரிந்தது. அக்கா குவியலில் கிடந்த ஒரு பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, முந்தானையைத் தன் மணிக்கட்டில் போட்டுப் பார்த்தாள். நாங்கள் தினமும் கஸ்டமருக்குச் செய்கிற வேலை. அவள் அன்றைக்குத்தான் தனக்கென்று செய்தாள்.

"அவ நெறத்துக்கு எடுக்கும்டி," என்றாள்.

திருடுகிற ஆளாக இருந்தால் உள்ளே கட்டிக்கொண்டு போயிருப்பாள். அக்கா நேராக மேனேஜரிடம் போய்க் கேட்டாள். அவர் அந்தப் புடவையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது புயல்ல பாதிச்சவங்களுக்கும்மா."

"நானும் பாதிச்சவதான் சார். ஊட்ல ஒண்ணுமில்ல சார்."

"நீங்க ஸ்டாஃப். ஸ்டாஃப் இதுல கை வச்சா, நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க? கடை பேரு என்னாகும்?"

அடப்பாவி, கிழிந்த பாவாடையை மூட்டை கட்டி அனுப்புகிறாயே, அதற்கு ஊரில் என்ன பேசுவார்கள் என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்டும்விட்டேன், கொஞ்சம் மரியாதை சேர்த்து. "உனக்கும் ஒண்ணு வேணுமா?" என்றார். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள், கம்முனு இரு என்று.

அந்த நேரம் பார்த்து முதலாளி மாடிக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. அதை அப்போது நாங்கள் இரக்கம் என்று நினைத்தோம்.

"என்னப்பா நீ, நம்ம வீட்டுப் பொண்ணுக்கு இல்லாததா?" என்று மேனேஜரைக் கடிந்துகொண்டார். அக்கா அப்படியே கும்பிட்டாள், கண்ணில் தண்ணீர் கொட்டிற்று. முதலாளி புடவையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். "ஆனா இதை இப்படி மூலையில வச்சுக் குடுத்தா நல்லா இருக்காதும்மா. சனிக்கிழமை லாரி அனுப்பற விழா இருக்குல்ல, மேடையில வச்சுக் கௌரவமா குடுக்கறேன்."

அக்காவின் முகம் செத்துப்போனது. "மேடையெல்லாம் வேணாம் மொதலாளி. பொண்ணு பாக்க வராங்க மொதலாளி, அவங்களுக்கு ஊடு முழுகுனது தெரியாது. போட்டோல கீட்டோல என் மூஞ்சி வந்துச்சுன்னா..."

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா. முகம் வராம எடுக்கச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டுப் புடவையோடு கீழே இறங்கிப் போய்விட்டார்.

சனிக்கிழமை வாசலில் ஷாமியானா, ஸ்பீக்கர், கொடியசைக்க வார்டு பெரிய மனிதர் ஒருவர். லாரியின் இரண்டு பக்கமும் கடையின் பெயர். மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தபோது மேனேஜர் எங்களிடம் வந்தார். யூனிஃபார்மில் மேடையேறக் கூடாதாம். பார்க்கிறவர்களுக்கு அது பாதிக்கப்பட்ட பெண்மணி மாதிரி தெரியாதாம்.

"வேற பொடவ இல்லியே சார்," என்றாள் அக்கா.

மேனேஜர் ஒரு மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். அதில் கைவிட்டு, ஓரம் நைந்து நடுவே மஞ்சள் கறை படிந்த ஒரு நூல் புடவையை உருவினார். "இதைக் கட்டிக்கிட்டு வாங்க. தலைய ரொம்ப வாராதீங்க."

அதைக் கட்டிக்கொள்ள டிரையல் ரூமுக்குள் போனபோது நானும் கூடப் போனேன். பல வருடமாக அந்த ரூமில் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கொசுவம் பிடித்து, எடுப்பாயிருக்கு மேடம் என்று சொன்னவள் அக்கா. கண்ணாடியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கட்டினாள். "வேணாங்கா, வா போயிடலாம், எம் பொடவையவே கட்டி வுடலாம்," என்றேன். "ஒரு நிமிசம் தானடி. அவளுக்கு சொந்தமா ஒண்ணு கெடைக்குது," என்றாள்.

ஒரு நிமிடத்தில் முடியவில்லை. முதலில் முதலாளி கொடுத்தார். பிறகு புடவையை வாங்கிக்கொண்டு போய் அவர் மனைவி கொடுத்தாள். பிறகு அந்தப் பெரிய மனிதர் கொடுத்தார். வீடியோ எடுத்தவன் வெயில் முகத்தில் விழவில்லை என்று இன்னொரு தடவை கொடுக்கச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அக்காவின் கையிலிருந்து புடவையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கடைசித் தடவைதான் அவளிடமே விட்டார்கள். "கண்ணத் தொடச்சுக்கற மாதிரி ஒண்ணு பண்ணுங்கம்மா," என்றான். துடைத்துக்கொள்ள நிஜமாகவே இருந்தது. கீழே கடைப் பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்று கைதட்ட வேண்டும் என்று உத்தரவு. நான் தட்டவில்லை, அதற்கும் ஒரு முறைப்பு வாங்கினேன்.

அன்று சாயந்திரமே கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் வீடியோ வந்துவிட்டது. சோகமான இசை, மெதுவாக ஓடுகிற லாரி, நடுவே அக்காவின் முகம். ஓரமாக அல்ல, திரை நிறைய. 'ஏரித் தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோன வேப்பம்பட்டு சகோதரிக்கு உங்கள் அன்பு' என்று எழுத்து வேறு. ஊரைக்கூட விட்டுவைக்கவில்லை. கீழே ஆயிரம் பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

மேனேஜருக்குப் போன் போட்டுக் கத்தினேன். முகம் வராது என்று முதலாளி சொன்னாரே என்றேன். "முகம் இல்லாத வீடியோவ யாரும்மா பாப்பாங்க? நல்லா ஓடுது, கெடுக்காத," என்று வைத்துவிட்டார்.

ரயிலில் அக்காவிடம் காட்டினேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? அவளிடம் இருந்தது பட்டன் போன். என் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள்.

"நம்ம பக்கத்துச் சனந்தான் பாக்கும். பூந்தமல்லிக்காரங்க இதையெல்லாம் எங்கடி பாக்கப்போறாங்க?" என்றாள். மடியில் இருந்த புடவைப் பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அம்மனே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். பெண்ணுக்குத் தலை பின்னி, மல்லிகை வைத்து, அந்தக் கத்தரிப்பூ நிறத்தைக் கட்டிவிட்டதும் என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. அக்கா யூனிஃபார்ம் புடவையின் கடை முத்திரை தெரியாதபடி முந்தானையை உள்பக்கமாக மடித்துச் செருகிக்கொண்டாள். பஸ்ஸில் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியில் தன் முகத்தைச் சும்மா சும்மா பார்த்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மாவிடம் என்ன பேச வேண்டும், பேசக் கூடாது என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் "செரிம்மா, செரிம்மா" என்று சிரித்தாள்.

கோயிலில் நல்ல கூட்டம். தரிசனம் முடித்து வெளிப்பிரகாரத்தில் காத்திருந்தோம். மாப்பிள்ளையின் அம்மாவும், கூட அவள் தங்கையும் வந்தார்கள். பையன் வரவில்லை. பூக்கூடை இல்லை, பழத்தட்டு இல்லை. இரண்டு பேர் கையிலும் வாய் கட்டிய பெரிய பெரிய பைகள்.

"வாங்க அண்ணி," என்றாள் அக்கா, சிரித்த முகத்தோடு.

"நல்லாகீறியாம்மா?" என்றாள் அவள். போனில் அண்ணி என்று கூப்பிட்டவள், இப்போது அம்மா என்றாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அவள் கெட்டவள் இல்லை. அதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல். கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள், கண்கூடக் கலங்கியிருந்தது.

"வீடியோ பாத்தேம்மா. பாத்துட்டு எனக்கு சோறே எறங்கல. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? இவ்ளோ கஷ்டத்த வச்சுகினு கண்ணாலம் பேச வந்துகீறியே."

"அது வந்து அண்ணி... தண்ணி வடிஞ்சிடுச்சு. வெள்ளையடிச்சா ஊடு பழையபடி..."

"ஏரிக்குள்ளன்னு சொல்றாங்களேம்மா. ஒவ்வொரு மழைக்கும் இதேதான? பையன் இப்ப கண்ணாலம் வேணாங்கறான். நான் இன்னா பண்ண? மனசுல வச்சுக்காத." அவள் பெண் பக்கம் திரும்பினாள். மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "இதான குடுத்தாங்க? நல்லாத்தான் கீது பொடவ," என்றாள்.

பெண் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். அழவில்லை. அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் மட்டும் போய்விட்டது. எனக்கு அந்தக் கூட்டத்தில் யாரையாவது பிடித்து அறைய வேண்டும் போலிருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

வந்தவளோ தங்கையிடம் கை காட்டி, அந்தப் பைகளை அக்காவின் காலடியில் வைக்கச் சொன்னாள். "எங்க தெருவுல ஊடு ஊடாச் சொல்லி வாங்கியாந்தேம்மா. கிழிசல் ஒண்ணும் கெடையாது, எல்லாம் தொவச்சது. நைட்டி கீது, போர்வ கீது, பொண்ணுக்கு சுடிதார்லாம் கீது."

"வாங்காதம்மா," என்றாள் பெண், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர்கள் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அக்கா குனிந்தாள். ஒரு பையின் முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்த போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள். கடையில் பீஸ் பார்க்கிற அதே தடவல். மாடி அறையில் அம்மாவும் பெண்ணும் சாக்கு விரித்துப் படுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அக்கா நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், "கனமாக் கீது. குளிருக்கு ஆவும்டி," என்றாள். பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஒரு நிமிசம்மா," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, இல்லை, அந்த அம்மா. தங்கை போனை எடுத்துவிட்டிருந்தாள். "தெருவுல குடுத்தவங்கல்லாம் கேப்பாங்க, சேர வேண்டியவங்களுக்குப் போய்ச் சேந்துச்சான்னு. ஒரே ஒரு போட்டோ. பொண்ணும் பக்கத்துல நிக்கட்டும்."

அக்கா மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். பிரகாரத்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தங்கை போனை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல குரலில்தான் சொன்னாள்.

"தலைய நிமிரும்மா. மூஞ்சி தெரியல."

அவள் நிமிர்ந்தாள்.